எதிர்வரும் வண்டிக்கு முகம் காட்டி

ஜனவரி 12

ஜல்லிக்கு,

கவரில் என் எழுத்தைப் பார்த்ததுமே கிழிக்கத் தோன்றும். கிழித்துக்கொள். ஒரே ஒரு செய்தியை மட்டும் படித்துவிட்டுக் கிழி. நான் உன் வீட்டுக்கு வந்துகொண்டிருக்கிறேன். நடந்து.

சிரிக்காதே. வீட்டைப் பூட்டி, சாவியைப் பக்கத்து வீட்டு டீச்சரிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பி நான்கு நாளாயிற்று. இதை ஒரு சின்னத் தபால் நிலையத்தில் நின்றுகொண்டு எழுதுகிறேன். பேனாவைக் கயிற்றில் கட்டி வைத்திருக்கிறார்கள், வரிக்கு வரி இழுக்கிறது. உட்கார பெஞ்சு இருக்கிறது. உட்கார்ந்தால், எழுந்து வீட்டுக்கே திரும்பிவிடுவேனோ என்று பயம்.

தையல் தொழிற்சாலையை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். துணி வெட்டும் மேஜைகளை லாரியில் ஏற்றினார்கள், எங்களை ஏற்றவில்லை. இத்தனை வருஷம் ஒரே மேஜை முன்னால் நின்றவளுக்கு ஒரு நாள் காலையில் நிற்க இடமில்லை. வீட்டுக்குள்ளேயே நடந்தேன். அடுப்படியிலிருந்து வாசலுக்கு, வாசலிலிருந்து அடுப்படிக்கு. "என்னங்க, எதையாவது தொலைச்சிட்டீங்களா?" என்று டீச்சர் கேட்டார். ஆமாம், ஒரு தம்பியை என்று வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

அப்பா நமக்கு வைத்த பெயர்கள் நினைவிருக்கிறதா? ரோடு போடுகிற இடத்தில் கூடாரத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்கு ரோலர் ஓட்டுகிறவர் வேறு என்ன பெயர் வைப்பார். ஓரிடத்தில் தரிக்காமல் தெறிக்கிற உனக்கு ஜல்லி. வைத்த இடத்தில் நிற்கிற எனக்கு மைல்கல். இப்போது மைல்கல் கிளம்பிவிட்டது.

பஸ்ஸில் வந்தால் இரண்டே நாள். உன்னிடம் என்ன பேசுவது என்று யோசிக்க எனக்கு இரண்டு நாள் போதாது. மருத்துவமனை வராந்தாவில் "அப்பாவோட நடையைப் பறிச்சவ நீ" என்று சொல்லிவிட்டுப் போனாய். அதற்குப் பிறகு ஒரு வார்த்தை கிடையாது. போன வருஷம் அப்பா போன அன்றும் வந்தாய், தெருவில் நின்றாய், வாசலைத் தாண்டாமல் திரும்பினாய். சரி. அந்த நடையை நானே நடந்து கொண்டுவந்து உன் வாசலில் வைக்கிறேன். அப்போது எங்கே திரும்பிப் போவாய் என்று பார்க்கலாம்.

பதில் எழுதுவதென்றால் சிமெண்ட் ஆலை ஊரின் பெரிய தபால் நிலையத்துக்கு எழுது. நான் வரும்வரை எடுத்து வைத்திருப்பார்கள்.

அக்கா


ஜனவரி 21

அக்காவுக்கு,

வராதே.

இதை ஒரு லிஃப்டின் கூரைமேல் உட்கார்ந்து எழுதுகிறேன். பத்து மாடி ஆட்களும் பட்டனை அழுத்தி அழுத்தி என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறார்கள். அழுத்தட்டும். உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து கை வேலையில் நிற்கவில்லை. ஒரு திருகாணியை மூன்று தரம் கீழே விட்டேன்.

முதலில், என்னை ஜல்லி என்று எழுதாதே. அப்படிக் கூப்பிட ஒருவருக்குத்தான் உரிமை இருந்தது. அவர் இல்லை.

இரண்டாவது, உனக்கும் சர்க்கரை இருக்கிறது என்று போன வருஷம் தெருவில் நின்றபோது உன் டீச்சர் சொன்னார். அதை வைத்துக்கொண்டு நாட்டைக் குறுக்கே நடந்து கடக்கப் போகிறாயா? உனக்கு யாரும் நல்ல புத்தி சொல்லவில்லையா, சொல்லியும் ஏறவில்லையா?

பேச வேண்டும் என்கிறாய். பேச என்ன இருக்கிறது? நான் தந்தி கொடுத்தேன். "நான் வரும்வரை கையெழுத்துப் போடாதே." அவ்வளவுதான். மறுநாள் காலையில் வந்து நின்றேன். நீ முந்தின நாள் மாலையே போட்டு முடித்திருந்தாய். ஒரு ராத்திரி பொறுக்க முடியவில்லை உனக்கு. வார்டு வாசலில் நின்று பார்த்தேன். போர்வை ஒரு பக்கம் கால்வரைக்கும் மேடாக இருந்தது. இன்னொரு பக்கம் முழங்காலோடு தட்டையாகிவிட்டது. அந்தத் தட்டையான இடம் இன்னும் என் கண்ணைவிட்டுப் போகவில்லை. ஊர் ஊராக ரோடு போட்ட மனுஷனைக் கொண்டுபோய் நாற்காலியில் உட்கார வைத்தாய்.

நீ வந்து சேரும்போது நான் இங்கே இருக்க மாட்டேன். லிஃப்ட் இல்லாத ஊரா கிடைக்காது எனக்கு. ஊரெல்லாம் கட்டடம் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது, எங்கே போனாலும் வேலை உண்டு.

பஸ் ஏறித் திரும்பிப் போ. போக மாட்டாய் என்று தெரியும். வண்டிக்கு முதுகைக் காட்டி நடக்காதே. பெட்ரோல் பங்க் மாதிரி வெளிச்சமும் ஆளும் இருக்கிற இடத்தில் மட்டும் தங்கு.


பிப்ரவரி 4

ஜல்லி,

தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பது சரிதான். "வராதே" என்று தொடங்கிய ஆள் "வெளிச்சத்தில் தங்கு" என்று முடித்திருக்கிறாய். கையெழுத்துப் போட மட்டும் மனசு வரவில்லை. பரவாயில்லை, கையெழுத்துதானே நமக்குள் தகராறு.

முதுகைக் காட்டுவேனா? "எதிர வர்ற வண்டிக்கு முகத்தைக் காட்டி நடங்க. முதுகைக் காட்டினா அவன் கண்ணை நம்பித்தான் உசிரு. முகத்தைக் காட்டினா உங்க கண்ணும் சேர்ந்து பாத்துக்கும்." கூடாரத்துக்கு வெளியே கால் வைக்கும்போதெல்லாம் கேட்டதாயிற்றே. கிளம்பினதிலிருந்து வலது ஓரம்தான். இப்போது ரோட்டுக்கு நடுவில் திட்டுக் கட்டிச் செடி வைத்துவிட்டார்கள். அந்தப் பக்கம் நடக்கிறவர்களின் தலை மட்டும் செடிக்கு மேலே மிதந்து போகிறது.

தங்குவதற்குக் குறையில்லை. பள்ளிக்கூட வராந்தா, லாரிக்காரர்கள் படுக்கிற கொட்டகை. ஒரு நாள் பஞ்சர் கடை வைத்திருக்கிற பெண், டயர்களுக்கு நடுவில் பாய் போட்டுக் கொடுத்தாள். ஒரு லாரிக்காரர் வண்டியை நிறுத்திக் கேட்டார்.

"ஏறுங்கம்மா, முன்னாடி ஊர்ல இறக்கி விடறேன்."

"இல்லப்பா, நடந்துதான் போகணும்."

"எதுக்கு, பந்தயமா?"

"சண்டை."

அவர் வெகுநேரம் சிரித்துவிட்டுத் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தார். "ஜெயிச்சிட்டு வாங்க" என்றார். எனக்கு ஜெயிக்க வேண்டியதில்லை. நீ ஒரு தடவை முழுசாகக் கேட்டால் போதும். இப்போதாவது கேள்.

அன்று டாக்டர் மதியம் வந்தார். மாலைக்குள் எடுத்தால் முழங்காலோடு போகும், காலையில் என்றால் தொடை, அதற்கும் மேலே நான் பொறுப்பில்லை என்றார். அப்பா காய்ச்சலில் ரோலரை ரிவர்ஸ் எடுக்கச் சொல்லி யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். என் இடது கையில் உன் தந்தி. வலது கையில் பேனா. நீ ஒரு பஸ்ஸில் இருந்தாய். உன் கையில் பேனா இல்லை. அவ்வளவுதான் நமக்குள் வித்தியாசம். இதற்காக நான் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை, அதற்காக நடந்து வரவும் இல்லை.

ஒரு வேடிக்கை. முந்தாநாள் சாயங்காலம் ஷூவைக் கழற்றினால் உள்ளே ஒரு ஜல்லிக்கல். காலையிலிருந்து அதன்மேல்தான் நடந்திருக்கிறேன், தெரியவே இல்லை. இடது பெருவிரலுக்கு அடியில் சின்னதாக ஒரு புண். பஞ்சு வைத்துக் கட்டியிருக்கிறேன். வலி கொஞ்சம்கூட இல்லை. உன் பெயர்க்காரன் இல்லாமல் வேறு யார் குத்துவார்கள் என்னை.

அடுத்து ஆற்றுப் பாலத்து ஊருக்கு எழுது. எழுதிக்கொண்டிருக்கும்போதே கால் பரபரக்கிறது. கிளம்புகிறேன்.

மைல்கல்


பிப்ரவரி 9

அக்கா,

நடப்பதை நிறுத்து. இதைப் படிக்கிற இடத்திலேயே நிறுத்து.

வலி இல்லை என்று எழுதியிருக்கிறாய். அப்பாவும் "வலியே இல்லடா, சும்மா சின்னப் புண்ணு" என்றுதான் சொன்னார். ஆணியை மிதித்து இரண்டு நாள் பூட்ஸைக் கழற்றாமல் ரோலர் ஓட்டினார். வலி இல்லாததுதான் அந்த வியாதி. உனக்குத் தெரியாதா? அவர் புண்ணுக்கு எத்தனை மாசம் நீ கட்டுப் போட்டாய், உனக்கா தெரியாது?

பாலத்து ஊரில் மருத்துவமனை இருக்கும். போய்ப் படு. எங்கே படுத்திருக்கிறாய் என்று ஒரு வரி எழுது, நான் வருகிறேன். சண்டை எங்கேயும் போய்விடாது. பிறகு போட்டுக்கொள்ளலாம்.


பிப்ரவரி 25
(கீழ்வீட்டுப் பூட்டுக்காரரிடம், சாவியுடன் கொடுத்து வைத்தது)

அக்கா,

பாலத்து ஊருக்குப் போட்ட கடிதம் "யாரும் வந்து வாங்கவில்லை" என்ற முத்திரையோடு திரும்பி வந்துவிட்டது. நீ பாலத்துக்கே வரவில்லையா, தாண்டிவிட்டாயா, எங்காவது விழுந்து கிடக்கிறாயா, ஒன்றும் தெரியவில்லை. அறைக்குள் இருக்க முடியவில்லை. வேலைக்குப் போனால் லிஃப்ட் மேலே போகிறதா கீழே போகிறதா என்றுகூடக் கவனம் இல்லை.

பஸ்ஸில் தேடினால் ஜன்னல் வழியாக உன்னைத் தவறவிட்டுவிடுவேன். அதனால் நெடுஞ்சாலையில் நடந்தே எதிரே வருகிறேன். இருப்பது ஒரே ரோடு, நீ இந்தப் பக்கம் வருகிறாய், நான் அந்தப் பக்கம் வருகிறேன். தவற வழியில்லை.

அப்படியும் தவறி நீ இங்கே வந்துவிட்டால் சாவி இவரிடம் இருக்கிறது. மருத்துவமனை தெருமுனையில், மஞ்சள் கட்டடம். முதலில் அங்கே போ. பிறகு மாடி ஏறு.


மார்ச் 8
(விரைவுத் தபால், என் வீட்டு முகவரிக்கு)

ஜல்லி,

இந்தக் கடிதத்தை என் வீட்டுக்கே போடுகிறேன். நம் குடும்பத்தில் நடக்க ஆரம்பித்த யாரும் பாதியில் திரும்பியதில்லை. என்னைக் காணாவிட்டால் நேரே என் வாசலில் போய்த்தான் நிற்பாய் என்று ஒரு கணக்கு.

நான் உன் ஊரில் இருக்கிறேன். பூட்டுக்காரர் சாவியையும் சீட்டையும் நீட்டி, "உங்களைத் தேடிக்கிட்டுத்தாங்க போனாரு, நடந்து" என்றதும் அவர் கடைப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஒரே ரோடு, தவற வழியில்லை என்று எழுதியிருக்கிறாய். அறிவாளி. நானும் வண்டிக்கு முகம் காட்டி நடந்தேன், நீயும் வண்டிக்கு முகம் காட்டித்தான் நடந்திருப்பாய். எனக்கு வலது ஓரம் எது, உனக்கு வலது ஓரம் எது? நடுவில் கழுத்து உயரச் செடி. அப்பா பிள்ளைகள் இரண்டு பேரும் அப்பா சொன்னதைத் தட்டாமல் கேட்டு ஒருவரையொருவர் தாண்டிப் போயிருக்கிறோம்.

ஒரு மழை நாளில், செடி விட்டுப்போன ஒரு இடத்தில், எதிர்ப்பக்கம் ஒரு ஆள் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு போனான். இடது தோளைத் தாழ்த்தி, அப்பா மாதிரியே. அட, அப்பா நடை என்று நினைத்தேன். நினைத்துவிட்டு நடந்துவிட்டேன். கூப்பிட்டிருந்தால் கேட்டிருக்கும்.

பாலத்து ஊருக்கு ஞாயிற்றுக்கிழமை வந்தேன். தபால் நிலையம் பூட்டியிருந்தது. மறுநாள் காலைவரை காத்திருக்கக் கால் கேட்கவில்லை. பார்த்தாயா, இதிலும் ஒரு ராத்திரிதான்.

உன் அறையைப் பார்த்தேன். ஒரே ஒரு நாற்காலி, அதிலும் துணி. உட்கார்ந்தே பழக்கமில்லாதவன் அறை. சுவரில் நாட்டின் வரைபடம், அப்பா உருட்டிய ரோடுகள் மட்டும் சிவப்புப் பென்சிலில். அதன்மேல் சிமெண்ட் ஆலை ஊரிலும் பாலத்து ஊரிலும் குண்டூசி குத்தியிருக்கிறாய். வராதே என்று எழுதியவன் வருகிறவளை ஊர் ஊராகக் குத்திக்கொண்டே வந்திருக்கிறாய். அங்கேயே நின்று கொஞ்சம் அழுதேன், சொல்வதற்கென்ன.

இப்போது காரியத்துக்கு வருகிறேன். மஞ்சள் கட்டடத்தில்தான் படுத்திருக்கிறேன். இரண்டு விரல் கறுத்துவிட்டது. எடுக்க வேண்டும், சனிக்கிழமையைத் தாண்டினால் பாதத்துக்கு உத்தரவாதம் இல்லை என்கிறார் டாக்டர். தாளை நீட்டினார். நான் போடவில்லை.

"என்னம்மா, ரெண்டு விரல்தானே? எதுக்கு யோசிக்கிறீங்க?" என்றார்.

"என் தம்பி வரணும்" என்றேன்.

அவருக்குப் புரியாது, உனக்குப் புரியும். நான் வரும்வரை கையெழுத்துப் போடாதே என்று நீ ஒரு காலத்தில் தந்தி கொடுத்தாய். அன்றைக்குக் கேட்கவில்லை. இன்றைக்குக் கேட்கிறேன். நீ வேண்டாம் என்றால் வேண்டாம், போடு என்றால் போடுகிறேன். ஆனால் இந்தத் தடவை நான் தனியாக முடிவெடுத்துவிட்டு, பிறகு வருஷக்கணக்கில் உன் முகத்தைப் பார்க்காமல் இருக்க மாட்டேன். விரல் போனால் போகட்டும், பாதம் போனாலும் போகட்டும். காத்திருக்கிறேன்.

படுத்திருப்பது கஷ்டமாக இருக்கிறது. ஜன்னலுக்கு வெளியே ரோடு தெரிகிறது. கட்டுக்குள் கால் தானாக நடக்கிறது.

மைல்கல்


மார்ச் 9
(சாதாரணத் தபால், என் வீட்டு முகவரிக்கு)

அக்கா,

நீ எங்கே இருக்கிறாய் என்று தெரியாமல் என் வீட்டுக்கே எழுதுகிறேன். அங்கே வந்து சேர்ந்திருந்தால் கிடைக்கட்டும்.

எட்டு நாள் நடந்தேன். டீக்கடை, பெட்ரோல் பங்க், பள்ளிக்கூடம், ஒன்று பாக்கியில்லை. "அந்தம்மாவா? எதிர்ப்பக்கமா போயிருப்பாங்க" என்று ஒரு கடைக்காரர் சொன்னார். எனக்கு வந்த கோபத்தில் டீயை வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். என்னைத் தேடி வருகிறவள் என் எதிரே வராமல் எதிர்ப்பக்கம் ஏன் போகிறாள்? பிறகு பயம் பிடித்துக்கொண்டது. பஸ் ஏறிப் பாலத்து ஊர், அங்கே மருத்துவமனை, போலீஸ் நிலையம். நீ மனசு மாறித் திரும்பியிருப்பாயோ என்று நேற்று ராத்திரி உன் வீட்டுக்கே வந்துவிட்டேன்.

டீச்சர் கதவைத் திறந்துவிட்டார். வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன். அவர் உள்ளே போகச் சொல்லி முதுகில் கை வைத்துத் தள்ளினார்.

நான் நினைத்துக்கொண்டிருந்த அந்த நாற்காலியைத் தேடினேன். அப்பா உட்கார்ந்து உட்கார்ந்து குழிந்துபோன ஒரு நாற்காலி இருக்கும் என்று இத்தனை வருஷம் மனசில் ஒன்று செய்து வைத்திருந்தேன். அப்படி ஒன்று இந்த வீட்டில் கிடையாது. அலமாரிக்கு அடியில் பூட்ஸ்தான் இருக்கிறது. ரோட்டு வேலைக்குப் போடுகிற கறுப்பு பூட்ஸ், வரிசையாக. இடது கால் எல்லாம் புத்தம் புதிது, உள்ளே திணித்த காகிதத்தைக்கூட எடுக்கவில்லை. வலது கால் எல்லாம் அடி தேய்ந்து, ஓட்டை விழுந்து, தைத்து, மறுபடியும் ஓட்டை.

"ஒத்தைக் காலுக்குத் தனியா எவன் விக்கிறான்னு சொல்லிட்டு வருஷா வருஷம் ஜோடியா வாங்குவாரு" என்றார் டீச்சர். "காலைல கக்கத்துல கட்டையை ஊனிக்கிட்டுப் போனா மதியம்தான் வருவாரு. எந்த ரோட்டுல எங்க குழின்னு பாத்துட்டு வந்து என்னைப் பெட்டிஷன் எழுதச் சொல்லுவாரு. எழுதி எழுதி என் கை போச்சு."

இதை எனக்கு ஏன் எழுதவில்லை என்று உன்னைக் கேட்க வாயெடுத்தேன். எழுதியிருப்பாய். நான் கிழித்திருப்பேன்.

ஒரு இடது கால் பூட்ஸை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். எதற்கு என்று தெரியவில்லை. நீ எங்கே இருக்கிறாய்? எந்தப் பக்கம் நடந்தால் நீ கிடைப்பாய் என்று மட்டும் சொல்.

தம்பி


மார்ச் 10
தந்தி

காத்திருக்காதே. கையெழுத்துப் போடு. நானும் போட்டிருப்பேன். இரவு ரயில் ஏறி நாளை மறுநாள் காலை வருகிறேன்.
ஜல்லி


மார்ச் 11
(வார்டு நர்ஸிடம் கொடுத்து வைத்தது)

ஜல்லி,

தந்தி நேற்று மாலை வந்தது. டாக்டரைக் கூப்பிட்டுப் போட்டுக் கொடுத்தேன். "தம்பி வரணும்னீங்களே?" என்றார். "வந்துட்டான்" என்றேன். இன்று காலையில் பூட்டுக்காரர் உன் கடிதத்தையும் கொண்டுவந்து கொடுத்தார். அதைத் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறேன், கிழிக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் உள்ளே கூட்டிப் போவார்கள். நாளைக் காலையில் நீ வரும்போது மயக்கத்தில் இருந்தாலும் இருப்பேன், ரிவர்ஸ் எடு என்று யாரையாவது திட்டினால் கண்டுகொள்ளாதே. பையில் போட்டுக்கொண்டாயே அந்த இடது பூட்ஸ், அதை எடுத்து வை. கட்டுப் போட்ட காலுக்கு அதுதான் சேரும். டாக்டர் விட்டதும் கொஞ்ச தூரமாவது நடக்க வேண்டும், ஒரே பக்கத்தில்.

வார்டு வாசலில் நின்று போர்வையைப் பார்க்காதே. இரண்டு விரல் போனது போர்வைக்குத் தெரியாது. கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போடச் சொல்லி நர்ஸிடம் சொல்லியிருக்கிறேன்.

உள்ளே வா. உட்கார்.

அக்கா